லஸ்கரின் நோட்டு

காலை ஆறரைக்கு
மதகு மேடையிலிருந்து எட்டிப் பார்த்து
அளவுக்கல்லில் தண்ணீர் தொடும் எண்ணை
நோட்டில் ஏற்றுவது என் உத்தியோகம்.
பத்தொன்பது வருஷம்.
இருபத்தொன்று புள்ளி நாலு.
இருபது புள்ளி எட்டு.
எண்கள் எந்தத் தரையிலிருந்து தொடங்குகின்றன என்று
நானும் கேட்டதில்லை,
கல்லும் சொன்னதில்லை.

போன வருஷம் கடைமடை மொக்கச்சாமி
சண்டைக்கு வந்தார்:
‘தொண்ணூறு நாள் தண்ணின்னு போர்டு வச்சீங்க,
ஐம்பத்தேழாம் நாள் வாய்க்கால்ல ஓணான் ஓடுது.’
நோட்டை விரித்துக் காட்டினேன்.
நோட்டு சரியாக இருந்தது.

நேற்று மதுரையிலிருந்து ஜீப் வந்தது.
ஏ.இ. மேடம், பெயர் மெஹருன்னிசா.
ஒரு ரப்பர் படகு,
மஞ்சள் பெட்டிக்குள் ஒரு கருவி.
சத்தத்தைக் கீழே அனுப்பினால்
தரை எங்கே என்று கேட்டுக்கொண்டு வருமாம்.
பாதி அணை தாண்டுமுன் பேட்டரி செத்தது.
‘அண்ணே, கயிறு இருக்கா?’

இருந்தது. ஆடு கட்டும் கயிறு.
முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு
நுனியில், கிணற்றில் விழுந்த வாளி எடுக்கும்
பாதாளக் கரண்டியைக் கட்டினேன்.
அளவுக்கல்லுக்குப் பக்கத்திலேயே இறக்கினோம்.
ஆறாவது முடிச்சில்
கயிறு கையில் தளர்ந்தது.

கல்லில் இருபத்தொரு அடி.
கயிற்றில் ஒன்பது.

‘மிச்சம் பன்னிரண்டு?’ என்றார் மேடம்.
என்னைக் கேட்டாரா, தண்ணீரைக் கேட்டாரா.
படகோட்டி சோணைமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு,
‘நாம உக்காந்திருக்கிறது அணைமேல இல்ல மேடம்,
சிறுமலைமேல.’

இழுத்தேன். கரண்டி முழுக்கச் சேறு,
மேலே சாம்பல், நகத்தால் கீறினால் உள்ளே செவல்.
மேடம் கிள்ளி மோந்து பார்த்து
‘நல்ல மண்ணு’ என்றார்.
கொக்கியில் தொங்கியது
ஒன்றரைச் சாண் சொட்டுநீர்க் குழாய்.
ஓட்டைமேல் இறுக்கிய ஒரு துணி முடிச்சு.
பாசி படிந்தும் தெரிந்தது:
மயில்கழுத்துக் கலர்,
ரெண்டு இழை சரிகை.
தவமணியின் சேலைத் தலைப்பு.
கிழித்தது நான்.
முடிந்தது நான்.

மலையடிவாரத்தில் ரெண்டு ஏக்கர் குத்தகை.
சரிவு நிலம். குறுக்கே உழுதால்
டிராக்டர் நாற்பது தடவை திரும்பணும்,
மணிக்கு ஆயிரத்து நூறு.
மேலிருந்து கீழே நேரா இழுத்துவிடு என்றேன்.
கடலை விதைத்தேன்.
கார்த்திகையில் ஒரே ராத்திரி கொட்டியது.
விடிந்து போனால்
சாலெல்லாம் ஓடை.
வரப்போரத்து மாமரம்
முழங்கால் வரை வேர் தெரிய நின்றது.
மழையைத்தான் வைதேன்.
வைத வாயோடு வேலைக்கு வந்து
‘இரண்டடி ஏற்றம்’ என்று
சிவப்பு மையில் சந்தோஷமாக எழுதியதும்
இதே கைதான்.

குழாயை டவுசர் பையில் திணித்தேன்.
மேடம் பார்த்தாரா, தெரியாது.
பார்த்திருந்தாலும் அவருக்கு அது குழாய்.

ராத்திரி, மதகு ரூம் பல்பு.
நோட்டில்
தேதி, மணி, நீர்மட்டம், வரத்து,
வெளியேற்றம், கையொப்பம்.
சேற்றுக்குக் கட்டமில்லை.
ஸ்கேலும் இல்லை.
குழாயை நிமிர்த்திப் பிடித்து
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.
முடிச்சு இடறி
கோடு சரிந்துதான் வந்தது.
மேலே ‘மண்’ என்றும்
கீழே பன்னிரண்டு என்றும் எழுதினேன்.

பிறகு டிராக்டர்காரனுக்குப் போன் போட்டேன்.
‘குறுக்கே உழுதா எவ்வளவு?’
சொன்னான்.
யோசிச்சுச் சொல்றேன் என்றேன்.